மடங்கிய விரல்கள்

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் செல்லும் சாலையில், பேருந்து நிற்குமிடத்திற்கு ஒரு வேப்பமரத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லாத கரிசல் ஊர் ஒன்று உண்டு. அவ்வூரில் வாழ்ந்த சிவனாண்டியின் மனைவி வள்ளித்தாய், கழுத்தில் எழுந்த கட்டி புற்று என்று தெளிவாகி, மதுரையில் அறுவை செய்யப்பெற்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டு ஐப்பசியில் உயிருடன் ஊர் திரும்பினாள். அவள் பிழைத்துவிட்டாள் என்பதை ஊரார் வாயால் ஒப்புக்கொண்டனர், மனத்தால் ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டியோடு அவளுடைய குரலும் போயிற்று. பருத்திக் காட்டின் ஒரு கோடியில் நின்று மறு கோடியில் இருப்பவளை அழைக்கவல்ல குரல் அது. இப்போதோ வாயைத் திறந்தால், ஓட்டை விழுந்த துருத்தியைப் போலக் காற்று மட்டுமே வந்தது. கழுத்தின் குறுக்கே பூரான் படுத்திருப்பது போன்ற தழும்பு. விடிந்தவுடன் வெறும் வயிற்றில் ஒரு சிறிய மாத்திரையும், பின்பு வேளைதோறும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஆயுள் முழுதும் விழுங்கவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அறுத்த இடத்தில் சில சிறு சுரப்பிகளும் பழுதுபட்டிருந்தன. ஆதலால் சுண்ணாம்பு மாத்திரையை நிறுத்தினால் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருக்கும். அதன்பின் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். இவற்றையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க இயலாதது வேறொன்று.

அவளுடைய நான்கு வயது மகள் உச்சிமாகாளி அவளிடம் இல்லை. தாய் மதுரையில் கிடந்த நாளில், சிவனாண்டியின் தமக்கை பாண்டியம்மாள் குழந்தையைத் தன் வீட்டிற்குக் கொண்டுபோனாள். பிள்ளைப்பேறு வாய்க்காத அவள் அக்குழந்தைக்குத் தலைவாரிப் பூச்சூட்டிக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். வீடு அதே தெருவில்தான் இருந்தது. எனினும், தாய் திரும்பிய பின்னும் குழந்தை திரும்பவில்லை.

"மதினி, பிள்ளைய ஒரு பொழுது விடுங்க. மடியில வச்சுக்கிட்டுத் தந்திருதேன்."

"என்னட்டி சொல்லுத? காத்துல்லா வருது." பாண்டியம்மாள் வாசற்படியை அடைத்து நின்றுகொண்டாள். "ஒனக்கு வந்தது வந்துட்டு. பச்சப் பிள்ளைக்கும் ஒட்டணுமா? பகையாளியா நெனைக்காத தாயி. அவ நல்லா இருந்தா ஒனக்குத்தான நல்லது."

உள்ளிருந்து "யாரு அத்தை?" என்ற மழலை கேட்டது. "யாருமில்ல, கோழி" என்று பாண்டியம்மாள் திரும்பிச் சொன்னாள்.

சிவனாண்டி கொடியவன் அல்லன், துணிவற்றவன். வெக்கை என்று காரணம் கூறி, மார்கழிப் பனியிலும் தொழுவத்தை ஒட்டிக் கட்டில் போட்டு உறங்கியவன் அவன்.

"ஒட்டாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. நானும் காதால கேட்டேன். அக்காட்ட சொன்னா, 'அப்பம் அவரு மகளக் கூட்டியாந்து இவகூடப் படுக்கப் போடச் சொல்லு'ங்கா. நான் என்னத்தச் சொல்ல?" என்று தரையைப் பார்த்துக் கூறினான்.

பங்குனி பிறந்தது. காளியம்மன் கொடைத் திருவிழாவிற்குக் காப்புக் கட்டினர். காப்புக் கட்டிவிட்டால் கொடை முடியும்வரை ஊரார் எவரும் எல்லை தாண்டலாகாது என்பது அங்குத் தொன்றுதொட்டு வரும் கட்டுப்பாடு. வள்ளித்தாயின் சுண்ணாம்பு மாத்திரைகள் அந்த வாரத்தின் நடுவில் தீர்ந்துபோயின. அவள் வெற்று மாத்திரைப் பட்டையைக் கணவனிடம் நீட்டினாள்.

"காப்பு கட்டியாச்சுல்லா. கொடைக்கு வரி பிரிச்சவன் நானே எல்லையத் தாண்டுனா ஊரு சும்மா விடுமா? கொடை கழியட்டும். பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

அவள் பல்லைக் கடித்தாள். சுண்ணாம்புச் சத்து என்ற பெயரை நம்பி, பக்கத்து வீட்டு வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை வழித்து நாவில் வைத்தாள். நாக்கு வெந்ததே தவிர எறும்பு ஓயவில்லை.

மதியக் கொடையன்று கோயிலுக்கு முன் மேளம் முழங்கியது. கூட்டத்தின் ஓரத்தில், எவர் மேலும் படாமல் வள்ளித்தாய் ஒதுங்கி நின்றாள். திடீரென அவளுடைய மணிக்கட்டுகள் உள்வளைந்தன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைய, ஏனைய விரல்கள் விறைத்து ஒன்றுகூடிக் கூம்பின. வலியால் உடல் நடுங்கிற்று. முகம் வெட்டி வெட்டி இழுத்தது. அருகில் நின்றவர்கள் விலகினர். பூசாரி பூவனலிங்கம் மட்டும் மேளக்காரர்களைக் கையமர்த்தாமல் நெருங்கி வந்தார்.

"ஆத்தா வந்துட்டா. வழி விடுங்கலே."

மாத்திரை வேண்டும் என்று சொல்ல அவள் முயன்றாள். மேள ஒலியில் அந்தக் காற்று எவர் செவிக்கும் எட்டவில்லை. அவளைப் பீடத்தின் முன் அமர்த்தி, மடங்கிய கைகளுக்கிடையே வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். ஐந்து மாதமாக அவள் புழங்கிய செம்பைத் தொடாத கைகள், இப்போது அவள் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றின.

பின்னர்ப் பாண்டியம்மாள் வந்தாள். இடுப்பில் குழந்தை.

"ஆத்தா, எம் பிள்ளைய நீதான் காக்கணும். துன்னூறு பூசு" என்று கூறி, உச்சிமாகாளியைத் தன் கையாலேயே அவள் மடியில் இறக்கினாள்.

தேங்காய் எண்ணெயும் புழுதியும் கலந்த அந்த உச்சந்தலை வள்ளித்தாயின் மோவாயில் முட்டியது. குழந்தை அண்ணாந்து அவளைப் பார்த்து, "அம்மா" என்றது. "அம்மா இல்ல, ஆத்தா" என்று பாண்டியம்மாள் திருத்தினாள். ஆயினும் எடுத்துக்கொள்ளவில்லை. பூசை முடியும்வரை குழந்தை அங்கேயே இருந்தது.

கொடை கழிந்த மறுநாளே சிவனாண்டி அவளைக் கோவில்பட்டிக்கு அழைத்துச் சென்றான். அங்கே நர்ஸ் வேதமணி நரம்பில் ஊசி ஏற்றினாள். மடங்கியிருந்த விரல்கள் மெல்ல விரிந்தன.

"சாமியாம், சாமி. அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கோங்க. ரத்தத்துல சுண்ணாம்பு கொறஞ்சு வார இழுப்பு இது. இன்னைக்குக் கைக்கு வந்தது நாளைக்குத் தொண்டைக்கு வந்தா மூச்சு நின்னுரும். பொறவு இங்கன தூக்கிட்டு ஓடியாந்து புண்ணியமில்ல."

சிவனாண்டி இதை ஊரில் சொல்லாமலில்லை. "நர்ஸம்மா வேதக்காரவிய, சர்ச்சுக்குப் போறவிய. அவியளுக்கு நம்ம ஆத்தாளத் தெரியுமா?" என்று பாண்டியம்மாள் ஒரே பேச்சில் அதை முடித்துவிட்டாள்.

வள்ளித்தாய் தவறாமல் மாத்திரை விழுங்கினாள். விரல்கள் நேராயின. விறகு ஒடித்தாள், மிளகாய்ச் செடிக்குக் களை வெட்டினாள். விரல்கள் நேரானதும் செம்பு மீண்டும் தனியாயிற்று. தொழுவத்துக் கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் பாண்டியம்மாளின் வாசலுக்குப் போய், விரிந்த இரு கைகளையும் நீட்டி நின்றாள்.

"ஆத்தா மேல நிக்கையில ஒட்டாதுட்டி. அவ எரிச்சிருவா. நீ சும்மா இருக்கையிலதான் எனக்குப் பயம். செவ்வாக்கெழம கோயிலுக்கு வா. ஆத்தா வந்தான்னா கூட்டியாரேன்."

செவ்வாய்க்கிழமை அவள் போனாள். தலைக்குக் குளித்து, ஈரச் சேலையுடன் பீடத்தின் முன் அமர்ந்தாள். மேளம் ஒலித்தது, சாம்பிராணி புகைந்தது. மாத்திரை உண்ட உடல் அசையவில்லை. கைகளைத் தானே மடக்கிப் பார்க்கலாமா என்றும் எண்ணினாள். காளியின் முன்னிலையில் பொய்யாட அவளுக்கு அச்சமாயிருந்தது. எதிரே பாண்டியம்மாளின் கையைப் பிடித்து நின்ற குழந்தை, நெடுநேரம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. "இன்னைக்கு வரல" என்றார் பூவனலிங்கம். குழந்தையைத் திருப்பி அழைத்துச் சென்றார்கள்.

அந்த வார ஞாயிறு காலை, வள்ளித்தாய் சுண்ணாம்பு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நெடுநேரம் அமர்ந்திருந்தாள். நர்ஸ் வேதமணி கூறியதை அவள் மறக்கவில்லை. பிறகு அதைப் பட்டையோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். செவ்வாய்வரை விழுங்காமலிருந்து, குழந்தை மடியைவிட்டு இறங்கியவுடன் விழுங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு.

செவ்வாயன்று மேளம் தொடங்குமுன்னரே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. பீடத்தின் முன் அமர்ந்தபோது கைகள் விறைத்துக் கூம்பின. ஊர் கும்பிட்டது. பாண்டியம்மாள் குழந்தையை மடியில் இறக்கினாள்.

மகளின் தலையைக் கோதவேண்டும் என்று வள்ளித்தாய் ஏங்கினாள். கூம்பிய விரல்கள் கோத மறுத்தன. குழந்தையின் கன்னத்தில் முளைக்குச்சியைப் போல இடித்தன.

"கை குத்துது" என்று குழந்தை சிணுங்கிற்று. ஆனால் இறங்கவில்லை. சற்று நேரத்தில் அவள் மார்பில் சாய்ந்து, கழுத்துத் தழும்பின் மேல் விரலை வைத்து இப்புறமும் அப்புறமும் ஓட்டி விளையாடியது.

அந்த விரலுக்குக் கீழே தொண்டை இறுகுவதை வள்ளித்தாய் உணர்ந்தாள். மூச்சை உள்ளிழுக்கும்போது ஊதல் போன்றதோர் ஒலி எழுந்தது. கூட்டம் அதற்கும் குலவையிட்டது. முந்தானை முடிச்சு அவள் முழங்காலின் மேல், கண்ணெதிரே கிடந்தது. அதை அவிழ்க்கும் விரல் ஒன்றுகூட அவளிடம் இல்லை. அவள் மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்ததைக் கண்டிருந்த சிவனாண்டி, கூட்டத்திற்கு அப்பால் கைகூப்பி நின்றான். அவள் அவனை நோக்கினால் போதும். அவன் ஓடி வருவான். வந்தால் ஆத்தா போய்விடுவாள், மடியும் காலியாகிவிடும்.

அவள் அவனை நோக்கவில்லை.

"ஆத்தா" என்று பாண்டியம்மாள் தரையில் விழுந்து எழுந்தாள். "பிள்ள ஒம் மடியில எப்படி ஒட்டிக்கிட்டுக் கெடக்கா பாரு. அடுத்த செவ்வாயும் வருவியா தாயி?"

வள்ளித்தாய் அந்தச் சிறு தலையின் மேல் தன் மோவாயை அழுத்தி, வருவதாகத் தலையசைத்தாள்.