பாழுங்கிணற்றில் ஒளிந்தவன்

எம்.ரெட்டியபட்டிக் காட்டில் தீயணைப்புத் துறைக்காரர்கள் டிரோன் சோதனை வைத்திருந்தார்கள். காணாமல் போனவர் கையிலுள்ள அவசர ரேடியோக் கருவி சிக்னல் அனுப்பும். மேலே பறக்கிற டிரோன் அதைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டுபவன் சுந்தரபாண்டி. காணாமல் போகிறவன் அவனுடைய மாமன் மகன் ஜெயபாண்டி.

ஜெயபாண்டிக்கு வயிறு எரிந்தது. பருத்திக்கு மருந்தடிக்க டிரோன் பழகப் போனது இருவரும் ஒன்றாகத்தான். இன்று காக்கிச்சட்டைக்காரர்கள் அவனை சார் என்கிறார்கள், இவனுக்குக் கண்ணாமூச்சி ஆடுகிற வேலை! சோதனையில் வென்றால் சுந்தரபாண்டிக்கு வேலையே கிடைத்துவிடுமாம். கிடைக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால் அவன் மூக்குடைபட வேண்டும்.

செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, சீமைக்கருவேலங்காட்டுக்குள் படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஜெயபாண்டி நேரே பாழுங்கிணற்றுக்குப் போனான். ஆழத்தில் இறங்கினால் சிக்னல் வெளியே வராது என்று பயிற்சியில் கேட்டிருந்தான். சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். பாதியில் படிக்கல் பெயர்ந்தது.

விழுந்த வேகத்தில் கால் முறிந்துவிட்டது. கத்தினான், கேட்க ஆளில்லை. டிரோன் தலைக்கு மேலே வந்தது, நிற்காமல் போயிற்று. அவன் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. இப்போது அதனாலேயே அவனுக்குக் குலை நடுங்கியது.

தலைத்துண்டில் கருவியை முடிந்து சுழற்றி மேலே எறிந்தான். சுவரில் மோதித் திரும்பி வந்தது. உடைந்திருந்தால் கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எறிந்தான். திரும்பி வரவில்லை.

“ஏலே சுந்தரபாண்டி, பிடிச்சிருலே! ஒன்னைய விட்டா எனக்கு ஆருலே இருக்கா!”

டிரோன் திரும்பி வந்து கிணற்றுக்கு மேலேயே நின்றது.

கயிறு கட்டித் தூக்கினார்கள். அதிகாரி சுந்தரபாண்டியின் முதுகில் தட்டினார். “கிணத்துக்குள்ள கெடந்தவரையே கண்டுபிடிச்சிட்டீங்களே! வேல ஒங்களுக்குத்தான்.”

சுந்தரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயபாண்டியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டான்.

“நான் செயிக்கணும்னுதான மச்சான் இம்புட்டுப் பாடுபட்டு அத மேல எறிஞ்ச?”

“ஆமா மாப்ள” என்றான் ஜெயபாண்டி. அதில் துளியும் பொய்யில்லை. முறிந்த காலைவிட அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.