சேவகன் தங்கவேலு கதவைத் திறந்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் ஆண்டில், தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளின் குடிநீர், விளக்கு, குப்பை, இடுகாடு ஆகியவற்றைக் கவனிப்பதற்கென்று ஒரு சிறு போர்டு இருந்தது. அதன் கூட்டங்கள் ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு பங்களாவில் நடைபெற்று வந்தன. அப்பங்களாவின் கதவைக் காத்து நின்றவன் தங்கவேலு. வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து, ஆட்களைச் சுரங்கத்துள் இறக்கும் கேஜின் கம்பியில் இடக்கை விரல்களைப் பறிகொடுத்தபின், டவாலிப் பட்டை அணிந்த சேவகனாகத் தரைக்கு மேலே நிலைபெற்றவன். அழைக்கப்படாத எவரையும் உள்ளே விடாதிருப்பது அவன் கடமை. உள்ளே கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது அவன் நேர்மை. இவ்விரண்டிலும் அவனைக் குறை கூறியவர் எவருமில்லை.

அவ்வாண்டு மாசி மாதத்தில் மேலிடத்திலிருந்து ஒரு புதிய உத்தரவு வந்தது. இனிமேல் கூட்டம் நடக்கும்பொழுது கதவு திறந்திருத்தல் வேண்டும். விரும்பிய எவரும் வந்து கேட்கலாம். சொல்லவேண்டியது இருந்தால் சொல்லவும் செய்யலாம். லைன் லைனாகத் தண்டோரா போட்டு இதனை அறிவித்தார்கள். அதைக் கேட்ட, போர்டுத் தலைவரின் குதிரைக்காரன் வாசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கதவு தொறந்தே கெடக்கணும்னா நீ இன்னாத்துக்கு நைனா? ஒரு கல்லு முட்டுக் குடுத்தா போதும். கல்லு சம்பளம் கேக்காது."

தங்கவேலு சிரிக்கவில்லை. அவன் மனம் தண்டோராக்காரன் சொன்ன மற்றொரு செய்தியிலேயே நின்றது. பொன்னைப் பிரித்தெடுத்தபின் ஆலையிலிருந்து வெளிவரும் சயனைட் மண்ணைக் கொட்ட இடம் போதவில்லையாம். ஆகையால் லைன்களை அடுத்த மேட்டின் மேற்குச் சரிவில் உள்ள தரிசு நிலத்தைக் கம்பெனிக்கு விட்டுவிடலாமா என்பதே அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாம். இடுகாட்டுக் கணக்கில் சேர்க்காமல் தரிசு என்று போர்டார் அழைத்த அந்நிலத்திலேதான் லைன் மக்கள் தங்கள் சிறு குழந்தைகளைப் புதைத்து வந்தார்கள். சென்ற ஆண்டுக் காய்ச்சலில் தவறிய அவனுடைய மகள் ரத்தினமும் அங்கேதான் இருந்தாள்.

இச்செய்தி அவனுக்குப் புதிதன்று. முந்தைய கூட்டத்தில், மூடிய கதவின் இப்புறம் நின்று, அவன் அதனைக் கேட்டிருந்தான். கேட்டும், வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டு, ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தான். தண்டோரா போட்ட அன்று மாலை அவன் மனைவி கிருஷ்ணம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டாள். அவன் தலை நிமிரவில்லை. அவள் கோபிக்கவுமில்லை, குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் வரேன், அன்னிக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கூட்ட நாளும் வந்தது. தங்கவேலு கதவின் இரு பலகைகளையும் சுவரோடு சேரத் திறந்து வைத்தான். லைன் பெண்கள் பலர் வந்தார்கள்; இரவு ஷிப்ட் முடித்த ஆண்கள் சிலரும் தூக்கக் கண்களோடு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பூந்தொட்டிகளுக்கு அப்பால், வெயிலில் நின்றுகொண்டார்கள். பங்களாவுக்கு வருகிறவர் நிற்கவேண்டிய இடம் அதுவே என்று அவர்கள் பழகியிருந்தார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. ஒருவரும் படியில் கால் வைக்கவில்லை.

உள்ளே தலைவரான வால்டர் துரை முதல் விஷயத்தை எடுத்தார். மொழிபெயர்ப்பாளரான சௌந்தரராஜன் அதனைத் தமிழிலும் வாசித்தார். துரை வாசலை நோக்கினார். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் கதவு நிலையும் வானமுமே தெரியும். யாரேனும் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். சௌந்தரராஜனும் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, படியில் ஒருவரையும் காணாமல், ஒருவரும் வரவில்லை என்றார். துரை பேனாவை மையில் தோய்த்தார்.

வாசலில் நின்ற தங்கவேலு ஒருவனுக்கே உள்ளும் தெரிந்தது, புறமும் தெரிந்தது. ஒரு கையெழுத்து விழுந்தால் மகள்மேல் மண் விழும்.

குப்பை கொட்டிய குற்றத்துக்காக ஆட்களை விசாரிக்கும் நாள்களில், பெயரைக் கூவி உள்ளே அழைப்பதும் அவன் வேலைதான். அந்தக் குரலை ஊரிகம் முழுவதும் அறியும். ஆனால் தன் மனைவியின் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை; கலியாணமான நாள்முதல் அவளை அவன் அழைத்ததெல்லாம் 'இன்னாமே' என்றுதான். இப்பொழுது அவன் மார்பு நிறைய மூச்சை இழுத்தான்.

"கிருஷ்ணம்மா! தங்கவேலு சம்சாரம் கிருஷ்ணம்மா! உள்ள வாங்க!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டிகளைத் தாண்டிப் படியேறினாள். அவன் ஓயவில்லை, நின்றிருந்த ஒவ்வொருவர் பெயரையும் அதே குரலில் அழைத்தான். அறை நிறைந்தது.

துரையின் முகம் சிவந்தது. யார் உத்தரவின்பேரில் கூப்பிட்டாய் என்று சௌந்தரராஜன் மூலம் கேட்டார். தங்கவேலு கதவருகே நின்றபடியே விடை சொன்னான்.

"கதவைத் தொறந்து வெக்கச் சொன்னீங்க தொரை, வெச்சேன். தொறந்த கதவைப் பார்த்து உள்ள வந்து இவங்களுக்குப் பழக்கம் இல்ல. அதான் கூப்ட்டேன்."

துரை அறையில் நிறைந்து நின்றவர்களைப் பார்த்தார். பின்பு பேனாவைக் கீழே வைத்து, அந்த அம்மாள் சொல்லவேண்டியதைச் சொல்லட்டும் என்றார்.

"அது தரிசு இல்லீங்க" என்றாள் கிருஷ்ணம்மா. "எங்க புள்ளைங்க அங்க கீறாங்க. வேற எங்கனா மண்ணு கொட்டுங்க, வேணாங்கல. ஆனா அந்த மண்ணுல எதுவும் மொளைக்காது. என் பொண்ணு மேல இப்போ புல்லு கீது."

சௌந்தரராஜன் அதனை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

அதன்பின் போர்டார் நெடுநேரம் வாதாடினார்கள். இடம் எவ்வளவு, எல்லை எது, அடையாளக் கல் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். கல் ஒன்றும் இல்லை. முடிவில், பெற்றவர்கள் முன்னிலையில் நிலத்தை அளந்து, இடுகாட்டை ஒதுக்கி முளை அடிக்க வேண்டும், எஞ்சியதைப்பற்றி அதன்பின் பேசலாம் என்று தீர்மானித்தார்கள். தங்கவேலுவைக் கடிந்துகொள்ள ஒருவருக்கும் நினைவில்லை; அல்லது மனமில்லை.

அந்த வாரமே நில அளவைக்காரர் சங்கிலியும் முளைகளும் கொண்டு வந்தார். மழையில் கரைந்து மண் மேடுகள் பல தரையோடு தரையாகியிருந்தன. எங்கிருந்து எதுவரை என்று அவர் கேட்டார். பெண்கள் சரிவில் ஏறிப் போய், அவரவர் குழந்தையின் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். கிருஷ்ணம்மா ஒரு சப்பாத்திக் கள்ளிப் புதரை ஒட்டி நின்றாள். அளவைக்காரர் அவர்களைச் சுற்றிச் சங்கிலியை இழுத்தார். போர்டின் ஆளாக வந்த தங்கவேலு முளைகளைச் சுமந்து பின்னே சென்றான்.

ஓடைக் கரையருகே சங்கிலி உட்புறமாகத் திரும்பியது. அங்கே யாரும் நிற்கவில்லை. கிருஷ்ணம்மா அதனைக் கண்டாள்.

"ஏங்க, அந்த எடத்துல செங்கேணியோட புள்ள கீது. அவ ஊருக்கே போய்ட்டா. நீங்க போய் நில்லுங்க."

தங்கவேலு முளைகளைக் கீழே வைத்தான். ஓடைக் கரைக்கு நடந்துபோய், அவள் கைகாட்டிய இடத்தில், டவாலியைச் சரிசெய்துகொண்டு நின்றான். அளவைக்காரர் சங்கிலியைத் திரும்ப எடுத்து, அவனுக்கும் அப்பால் கொண்டுபோய் முளையை அடித்தார்.