பதிலுக்கு முன்னால் சோலை வரவேண்டும்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஆஸ்பத்திரி பெஞ்சில் பிறந்தது. என் தங்கச்சிக்கு மார்பில் கட்டி; ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். (பதில் நல்லபடியாகத்தான் வந்தது, பதறாதீர்கள்.) "வெறும் சோதனைதாங்க்கா. எடுத்ததாலேயே கெட்ட நோவுன்னு ஆயிடாது" என்றாள் நர்ஸ். நூறு வருஷத்துக்கு முன்னால் போடியில் ஒருத்திக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? அந்த நினைப்பு என்னை விடவில்லை.

2

முதல் தொடக்கம்: "ஏலக்காய் மணம் கமழும் எழில்மிகு மலையடிவாரத்தில்…" சே! அடித்தாயிற்று.

இரண்டாவது: 1913, ஐப்பசி. மருதாயிக்கு இடது மார்பில் கட்டி. புருஷன் சோலை ஏலக்காய் பறிப்புக்கு மலையேறியிருந்தான். நாத்தனார் கருத்தம்மாதான் வண்டியிலும் ரயிலிலுமாக அவளை மதுரைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டரம்மா ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்தாள். மரத்துப்போக ஊசி. "வலிக்காது, இழுக்கிற மாதிரி இருக்கும்." நகத்தளவு சதை, சீசாவுக்குள். அதை மெட்ராசுக்கு அனுப்பிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். தையல் நனையக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கன்றிப்போனால் பயப்படக்கூடாது.

"நல்ல கட்டின்னா விட்டுரலாம். கெட்டதுன்னா மாரையே எடுக்கணும். பதில் கேக்க வர்றப்ப புருஷனைக் கூட்டிட்டு வா."

(ஒரு பிரதியில் மருதாயி இங்கே ஓவென்று அழுதாள். அவளுக்கே பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன். அவள் ஏங்கியது அவனுக்காக. காய் உலர்த்தும் புகைவாடையோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.)

3

மலைக்கு அரிசி ஏற்றிப்போகும் பொதிமாட்டுக்காரர் ராக்கையாவிடம் மருதாயி அத்தனையும் விளக்கிச் சொல்லி அனுப்பினாள். ஆனால் பொதிக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடிவாரத்துக் கல்லைத் தாண்டிவிட்டால், திரும்பி இறங்கும்வரை நோவின் பேரை வாயில் எடுக்கக்கூடாது. மலையம்மன் காதில் விழுந்தால் அது கூடவே வந்துவிடுமாம். மனுஷன் மென்று முழுங்கிச் சோலையிடம் சொன்னது இவ்வளவுதான்:

"மருதாயி ஒடம்புல சின்னதா ஒண்ணு இருந்துச்சு. வெட்டி எடுத்தாச்சு மாப்ளே. சோலி முடிஞ்சுது."

"அப்பாடா! அப்ப பறிப்பு முடியவும் வர்றேன்னு சொல்லுங்க மாமா."

இறங்கி வந்து ராக்கையா இதைச் சொன்னதும் மருதாயி அவரை மறித்துக் கேட்டாள்.

"சோதனைக்கு எடுத்திருக்குன்னு சொல்லலையா?"

"மலையில வச்சு அந்தப் பேச்ச எப்படித் தாயி பேசுறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கதையை விட்டே தூக்கியிருப்பேன். அப்புறம் மலையேற யார் இருக்கிறார்கள்?

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பதில் கெட்டது. மருதாயி தனியாக ஆபரேஷன் மேசையில் படுக்க…

(ஆ) பதில் நல்லது. மருதாயி தனியாக வீடு திரும்ப…

இரண்டிலும் "தனியாக" வந்து நின்றது. மருதாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ ஆத்தா, எழுதுறவளே! நல்லதோ கெட்டதோ, அத அப்புறம் எழுது. மொதல்ல அவரக் கொண்டா. அவரு இல்லாம அந்த வாசல்ல என்னால நிக்க முடியாது."

சொன்ன கையோடு ராக்கையா வீட்டுக்கே போய்விட்டாள்.

"அண்ணே, மலையில ஒண்ணும் சொல்ல வேணாம். வெரசா கீழ கூட்டிட்டு மட்டும் வாங்க. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு நானே சொல்லிக்கிறேன்."

சோலை வந்தான். அவள் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

5

மதுரை. டாக்டரம்மாவின் அறை வாசல். மெட்ராசிலிருந்து பதில் வந்துவிட்டது.

"என்ன சொல்லுவாக புள்ள?"

"எதச் சொன்னாலும் நீங்க எந்திரிச்சுப் போயிராதீக."

உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். எனக்கும் பதில் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். வேண்டுமானால் நீங்களே அவர்களை உள்ளே கூட்டிப்போங்கள். ஆனால் ஒரு நிமிஷம் பொறுங்கள். அவனை இன்னும் அவள் கண்ணாரப் பார்த்து முடிக்கவில்லை.