மூன்றாவது பெருக்கல் குறி

அந்தச் சட்டைக் கம்பெனி சூப்பர்வைசருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'பெருக்கல்'தான். தையல் கோணினால் போதும், சிவப்புச் சாக்பீஸை எடுத்துத் துணியில் ஒரு பெருக்கல் குறி இழுப்பார். ஒரே நாளில் மூன்று வாங்கினால் வேலை போச்சு. காரணம் சொல்ல வாயெடுத்தால், "கதை கேக்கவா எனக்குச் சம்பளம்?" என்பார்.

அன்று காலர் தைக்கிற அக்கா மதியத்துக்குள் இரண்டு வாங்கிவிட்டாள். அப்புறம் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"சார், பிள்ளைக்குக் காலைலயே உடம்பு சுட்டுச்சு. இப்ப காய்ச்சல் ஏறிடுச்சுன்னு ஸ்கூல்ல இருந்து போன். தங்கச்சி வீட்டுல விட்டுட்டு ஒரு மணி நேரத்துல ஓடி வந்துடறேன்."

சாயங்காலம் லாரி வந்துவிடும். மெஷின் சும்மா கிடக்கலாமா? "போ. நானே தைக்கிறேன். காலர்னா என்னன்னு எல்லாரும் பாத்துக்கட்டும்" என்று உட்கார்ந்தார். ஒரு காலத்தில் புலிதான். ஆனால் புலி மெஷினைத் தொட்டுப் பத்து வருஷமாகிறது, கண்ணாடியையும் மேஜையில் மறந்துவிட்டது. ஆறு காலர் முடித்து, யார் தைத்தது என்று காட்டும் சீட்டில் கையெழுத்தும் போட்டு அந்தக் கட்டுக்குள் செருகினார்.

நாலு மணிக்குச் சோதனை, அதற்குள் அக்காவும் திரும்பியிருந்தாள். தானும் அங்கே உட்கார்ந்தது மறந்து, அக்கா மெஷினில் தைத்த கட்டைப் பெருக்கல் பிரித்தார்; முதல் காலரே ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே.

"இது கையால தைச்சதா, காலால தைச்சதா?" மூன்றாவது குறி விழுந்தது.

முப்பது மெஷினும் நின்றன. பக்கத்தில் பட்டன் தைக்கிறவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா கண்ணாலேயே அவரை அடக்கினாள்.

"நான்தான் சார். கவனிக்கலை."

பெயர் குறிக்கச் சீட்டை உருவினார் பெருக்கல். அவருடைய கையெழுத்தே அவரைப் பார்த்தது.

"ஏம்மா பொய் சொன்ன? வேலை போயிருக்குமே!"

"நீங்க எனக்காகத்தானே சார் உட்கார்ந்தீங்க?"

லாரிக்காக உட்கார்ந்தவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்தவளிடம் பிள்ளை எப்படி என்றுகூட அவர் கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்துத் தன் சட்டைப்பை மேலேயே ஒரு குறி இழுத்தார்.

"பிள்ளைக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"காய்ச்சல் இறங்கிடுச்சு சார்."

"காலைல முதல் தையல் கோணினப்பவே இதைக் கேட்டிருக்கணும்."

பட்டன்காரர் பவ்யமாக எழுந்தார். "சார், நீங்க தைச்சதுல இன்னும் அஞ்சு இருக்கு."

பெருக்கல் ஒரு பெருமூச்சு விட்டு, சாக்பீஸை அக்காவிடம் நீட்டினார்.

"நீயே பாரும்மா. கொஞ்சம் இரக்கம் காட்டு."