பெயர் தெரியாத பெண்

தெற்கேயிருந்து வந்த பழைய புகைப்படங்களை வடதுருவப் பனிப்பிரதேசத்து இக்லூலிக் ஊர்க் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். ஒன்றில் சீல் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் உலாயுக்கின் தாய் கௌனாக். கீழே ‘பெயர் தெரியாத பெண்’ என்று எழுதியிருந்தது. உலாயுக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாய்க்குக்கூடப் பேர் கேப்போம். படம் எடுத்தவனுக்கு வாயில்லையா?”

தாய் இறந்த மாதம் பிறந்த மகளுக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தாள். ஊர் வழக்கப்படி மகளை இவள் ‘அம்மா’ என்பாள். ஆறு வயதுக்காரி இவளை ‘மகளே’ என்பாள்.

“யாரு மகளே இது?”

“நீதாம்மா.”

சின்னவள் உலாயுக்கிடம் ஒரு பென்சில் வாங்கி, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘கௌனாக்’ என்று கோணல்மாணலாக எழுதினாள். பிறகு படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பவே நான் அழகாத்தான் இருந்திருக்கேன்.”