எண்ணெய் போட்ட குழல்

பழனாயி தகப்பனின் தலையைத் தூக்கிப் பிடித்துத் தாடைக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சுப்பண்ணன் இடது காலை இழுத்துக்கொண்டு வாசலேறி வந்தார். அவள் தகப்பனின் வேட்டைக் கூட்டாளி; நாலு வருசமாக இந்தப் பக்கம் தலைகாட்டாதவர். அழவில்லை. செத்தவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“ரைபிள் எங்க கண்ணு?”

“ஏனுங் மாமா, அய்யனை இன்னும் குளிப்பாட்டவே இல்லீங்க. இப்பத்தான் அதைக் கேக்கோணுமா?”

“குழல்ல எண்ணெய் இருக்குதா, தொடச்சு வச்சிருக்குதா? அதை மட்டும் சொல்லு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டிலும் இதே பேச்சா?

நாலு வருசத்துக்கு முன் பொங்கலூர்க் கடலைக்காட்டில் அவள் தகப்பன் லிங்கசாமி சுட்ட குண்டு காட்டுப்பன்றியின் முதுகை உரசிக்கொண்டு போக, வெறிபிடித்த பன்றி கூட நின்ற சுப்பண்ணனின் தொடையைக் கிழித்துவிட்டது. எண்ணெய் போட்ட குழலைத் துடைக்காமல் கொண்டுவந்தால் முதல் குண்டு மேலேதான் போகும் என்றார் சுப்பண்ணன். வண்டியில் வரும்போது ரைபிளைக் கீழே போட்டது அவன்தான், குழல் முனையிலிருக்கும் குறிமுள் கோணிவிட்டது என்றார் லிங்கசாமி. அத்தோடு பேச்சு நின்றது.

அதன்பிறகு அய்யன் வீம்புக்கென்றே தினமும் குழலைத் துடைத்து எண்ணெய் விட்டார். திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட பழனாயி வரும்போதெல்லாம் பனியன் கம்பெனியிலிருந்து ஒரு பை வெட்டுத்துணி சுமந்து வர வேண்டும். சாயத் துண்டு ஒன்று கலந்திருந்தாலும் வசவு. பேரன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கிடையாது.

போன மாசம் மூச்சிரைக்க இரைக்க அவளையும் இழுத்துக்கொண்டு குளத்துமேட்டுக்குப் போனார். சீமெண்ணெய்த் தகரத்தில் கரியால் புள்ளி வைத்து, எண்ணெய்க் குழலோடு ஒரு குண்டு சுட்டார். அந்தக் குண்டோடு எண்ணெய் எரிந்துபோன குழலில் மேலும் இரண்டு. பின்னிரண்டும் புள்ளியை ஒட்டி விழுந்தன. முதல் குண்டு ஆறு விரற்கடை மேலே. மறுநாளும் குழலுக்கு எண்ணெய் விட்டு, அதே தகரத்தோடு போனார். அதற்கடுத்த நாளும். அதேதான்.

“சுப்பண்ணங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத.”

“நீங்களே போயி ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தா என்னங்கய்யா?”

“வாய மூடீட்டு நட.”

இப்போது பழனாயி விறுவிறுவென்று உள்ளே போய், பரணிலிருந்து அந்தத் தகரத்தை எடுத்துவந்து சுப்பண்ணன் கையில் திணித்தாள்.

“பாத்துக்கங்க. மேல இருக்கற மூணும் எண்ணெயோட சுட்டது. நீங்க சொன்னதுதான் நெசம். போதுமுங்களா? ரெண்டு பேருமாச் சேந்து என் உசுர வாங்குனது போதும்.”

சுப்பண்ணன் மேலே இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலால் தடவினார்.

“எப்பச் சுட்டான்?”

“ஒரு மாசமாச்சுங்க.”

“ஒரு மாசம்...” என்றார்.

வாசலில் உட்கார்ந்திருந்த பங்காளி பழனிமுத்து எட்டிப் பார்த்தார். “என்னங்க அது? அந்தப் பன்னி சுட்ட சமாச்சாரமுங்களா?”

சுப்பண்ணன் தகரத்தைத் துண்டில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஆமா. லிங்கசாமி சொன்னதுதான் சரி. குறிமுள்ளு கோணிப்போச்சு. நாந்தான் ரைபிளக் கீழ போட்டுட்டேன்.”

பழனாயி வாயைத் திறந்தாள். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். இத்தனை வருசம் கட்டிப் புரண்டது இதற்குத்தானா என்று எரிச்சலாக வந்தது.

மத்தியானம் பாடை தூக்கும்போது சுப்பண்ணன் தலைமாட்டு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்.

“அந்தக் காலோட வேண்டாமுங் மாமா. ஆளா இல்லை?”

அவர் காதில் வாங்கவில்லை.

வேலித் திருப்பம் வரை, அவர் காலூன்றும்போதெல்லாம் பாடை இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மற்ற மூவரும் சத்தம் போட்டார்கள். அவர் தோளை மாற்றவில்லை.