கழற்றி வைத்த காது

அலமாரியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாயிற்று. இப்போது மகள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

“எடுக்கற நேரம் நெருங்குது, என்னடி குடைஞ்சிட்டிருக்க?” என்றாள் சித்தி.

“அம்மாவோட காது மிஷின்.”

“இனிமே யார் பேசி அவ கேக்கணும்?”

இனிமேல் அல்ல, நேற்று இரவு கேட்டாளா என்பதுதான் மகளுக்குத் தெரிய வேண்டும். சாப்பிடும்போது, “வேலைய விட்டுட்டேம்மா, இனிமே உன்கூடத்தான்” என்று சொல்லியிருந்தாள். ரொம்ப நாளாகச் சொல்லத் தயங்கிய சேதி. அம்மா அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, சிரித்துத் தலையாட்டி, இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆனால் அம்மாவின் தலையாட்டலை நம்ப முடியாது. இடி இடித்தால் யாரோ கூப்பிடுவதாக வாசலுக்குப் போகிறவள். மிஷின் இல்லாத நாளில் எதற்கும் தலையாட்டி வைப்பாள். நேற்று அது காதில் இருந்ததா என்று மகள் கவனிக்கவில்லை. அது தெரியாமல் அவளை அனுப்பிவைக்க மனம் ஒப்பவில்லை.

“நேத்து பள்ளிக்கூடம் போனாங்களே, அங்க விட்டிருப்பாங்க” என்றான் அண்ணன்.

தெருக்கோடியில் பள்ளிக்கூடம். அங்கே அம்மாவுக்கு என்ன வேலை என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள் என்று மகள் தானாகவே நினைத்திருந்தாள்.

மகள் அங்கே போனதும் தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மூடிடலாம்னு முடிவான பள்ளிக்கூடம்மா இது. தெருவே சேர்ந்து தூக்கி நிறுத்துச்சு. தச்சர் மேசையெல்லாம் சரி பண்ணினார், ரொட்டிக் கடைக்காரர் தினமும் ரொட்டி அனுப்பறார். உங்கம்மா, பசங்க வாசிக்கறதக் கேக்க வந்தாங்க.”

“கேக்கவா? எங்கம்மாவா?” மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க நாளில் இது என்ன கூத்து என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாங்களும் முழிச்சோம். ஒரு பொண்ணு, திக்குதுன்னு வாயே திறக்க மாட்டா. ஒரு நாள் மிஷின்ல பேட்டரி தீர்ந்துபோச்சு. இவங்களுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சதும் அவ தைரியமா வாசிக்க ஆரம்பிச்சிட்டா. அன்னிலேர்ந்து உங்கம்மா வந்ததும் மொதல் வேலையா மிஷினக் கழட்டி மேசை மேல வெச்சிடுவாங்க. நேத்து மறந்துட்டுப் போயிட்டாங்க.”

வகுப்பின் மூலையில், சின்ன மேசைமேல் அது இருந்தது. அப்படியானால் நேற்று இரவு அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. மகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி, மூடிய புத்தகத்தின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“இவதான். விஷயத்தச் சொன்னதுலேர்ந்து எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேங்கறா” என்று தலைமையாசிரியை தணிந்த குரலில் சொன்னார்.

மகள் மிஷினோடு கிளம்பியிருக்கலாம். வீட்டில் தேடுவார்கள். ஆனால் கேட்காத காதுக்கு எப்படி ஒரு கதையை வாசிப்பது? அதைப் பார்க்காமல் போக அவளால் முடியவில்லை. எதிரே இருந்த குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள்.

சிறுமி அவள் காதைச் சுட்டிக்காட்டினாள். புருவத்தாலேயே கேட்டாள்.

“எனக்குக் கேக்கும்மா” என்றாள் மகள்.

சிறுமி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

 மகள் மிஷினை மறுபடி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

புத்தகம் திறந்தது. உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லில் தாடை மாட்டிக்கொண்டு நின்றது, பிறகு தாண்டியது. கண்கள் பெரிதாயின, கதையில் யாரோ வந்துவிட்டார்கள். கொஞ்சம் கழித்து உதட்டோரம் இறங்கியது. வந்தவருக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒரு சொல்கூடக் கேட்காமலே மகள் கதைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

நேற்று அந்தச் சேதியைச் சொன்னபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாள்.

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். மகள் தலையாட்டினாள்.

சிறுமி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.